ரெஜிஸ்டருக்குள் இருக்கிற பிள்ளைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் நீ அழுகிறாய், நானும் எக்குத்தப்பாக ஏதாவது சொல்லிவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

"கணக்குச் சொல்லிக் கொடுக்க வந்தேனா, குமாஸ்தா வேலை பார்க்க வந்தேனா?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். தென்காசியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போன மூன்றாம் நாளே ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் என்று சொல்லி, மேஜைமேல் பதிவேடுகளை அடுக்கினால் யாருக்கும் கோபம் வரும். ஒரே விவரத்தைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஒரு தடவை, காகிதத்தில் இரண்டு தடவை கேட்பது வீண் வேலைதான். அதில் நான் உன் கட்சி. ஆனால் எல்லா ரெஜிஸ்டரையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடாதே. நான் அப்படிச் செய்து ஒரு பையனின் பிழைப்பைக் கெடுத்தவன்.

உனக்கு அது தெரியாது, அம்மாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. ஒரு வருஷம் பத்தாம் வகுப்பு நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல், என் பொறுப்பு. சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அன்றைக்கு எனக்கு விடைத்தாள் திருத்துகிற அவசரம். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். பதினைந்து வயசுப் பிள்ளை வாத்தியார் நீட்டிய காகிதத்தைப் படித்தா பார்க்கும்? ஒரு பையனுக்கு மே மாதம் மார்ச் ஆகிவிட்டது. அதே தேதியோடு மதிப்பெண் சான்றிதழும் வந்தது. ஏழெட்டு வருஷம் கழித்து அவனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்து பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பத்தாம் வகுப்பில் ஒரு தேதி என்று தெரிந்தது. அவனும் நானும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை அலைந்தோம். திருத்தம் கிடைப்பதற்குள் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. பையன் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நீங்க சொன்னா கேப்பாங்கல்ல சார்?" என்று மட்டும் ஒவ்வோர் அலுவலக வாசலிலும் கேட்டான்.

அடுத்த வருஷம் உன் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைக்காதே. இப்போதே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு மூன்றையும் வைத்துப் பார்த்துவிடு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் தேர்வு எழுதித் தேறியவர்கள் உன் வகுப்பில் யாராவது இருக்கிறார்களா? அவர்களுக்குப் பன்னிரண்டு முடிகிற வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. வருஷா வருஷம் புதுப்பிக்காவிட்டால் நின்றுபோகும். அது தாய் தகப்பனுக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரிய வேண்டும்.

அப்புறம் வருகைப் பதிவேடு. காலையிலும் மதியத்திலும் எடுக்கிறாய் அல்லவா? வந்தவர்களை எண்ணுவது பெரிய வேலையில்லை. வராத பெயரில் கொஞ்சம் நில். காரணம் தெரியாமல் மூன்று நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடு. தனியாகப் போகாதே, ஊர்ப் பழக்கம் உள்ள மூத்த டீச்சர் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. பையன் என்றால் பெரும்பாலும் கூலிக்குப் போயிருப்பான். பெண் என்றால் கல்யாணப் பேச்சா என்று விசாரி. "18 ஆகாமல் செய்தால் கேஸ் ஆகும்" என்று எடுத்த எடுப்பில் மிரட்டினால் உன்னிடம் தலையாட்டிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடுவார்கள். அரசுப் பள்ளியிலேயே பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அந்தப் பெண் கையிலேயே வரும் என்பதிலிருந்து பேச்சை எடு. கேட்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, தயங்காதே. பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்துகொண்டதாகத் தெரியவந்தால் மட்டும் பேச்சுவார்த்தையே கிடையாது. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். "பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிப்போம்" என்று யார் சொன்னாலும் கேட்காதே.

பாடத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு வகுத்தல் தெரியவில்லை என்று வருத்தப்பட்டாய். எட்டு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை, அதனால் எல்லாம் சேர்ந்து உன் வகுப்பில்தான் வெளியே வரும். கீழ் வகுப்பு ஆசிரியர்களைத் திட்டிப் பயனில்லை, நானும் திட்டிப் பார்த்திருக்கிறேன். தினம் முதல் பத்து நிமிஷம் வாய்ப்பாடும் வகுத்தலும் எல்லோருக்கும் சேர்த்து நடத்து. அந்தப் பன்னிரண்டு பேரை மட்டும் தனியாக உட்கார வைக்காதே, மறுநாளே அவர்களுக்கு 'மக்கு பெஞ்ச்' என்று பேர் விழுந்துவிடும். பாடக்குறிப்பில் நீ எழுதின தேதிக்குக் காரணிப்படுத்துதல் முடியாமல் போகும். போகட்டும். மேலிருந்து வருபவர் கேட்டால் காரணத்தைச் சொல்லு.

பிரம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் வைத்திருந்தவன்தான், மறைக்கவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனசு நோகப் பேசுவதையும் தடுத்த பிறகு, பிரம்பில்லாமல் வகுப்பை அடக்க முடியுமா என்று பயந்தேன். முதல் மாதம் திண்டாட்டம். பிறகு பார்த்தால், சந்தேகம் கேட்கப் பையன்கள் மேஜை வரைக்கும் வர ஆரம்பித்திருந்தார்கள்.

அம்மா இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் போட்டிருக்கிறாள். பொங்கல் லீவுக்குப் பிறகு மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் வரவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாயே, யார் அது? போய்ப் பார்த்தாயா? ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் அதைச் சொல்லு.

அன்புடன்,
அப்பா