கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற குதிரை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் எடுத்துப் படிக்கிறேன், பதில் எழுதத்தான் உட்காரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, நான் சத்தமாகப் பேசினால் பக்கத்து அறைப் பையன்கள் எழுந்துவிடுகிறார்கள். அதனால் இனி எல்லாவற்றையும் இப்படியே எழுதி அனுப்புகிறேன், பாப்பாவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஆஸ்திரேலியாவில் ஜூலைதான் கடுங்குளிர். மூன்றரைக்கு எழுந்து நான்கு மணிக்கு லாயத்தில் நிற்க வேண்டும், அந்த நேரத்தில் தண்ணீர் வாளியின் மேல் மெல்லிசாகப் பனி கட்டியிருக்கும், கையால் தட்டி உடைத்தால்தான் குதிரை வாய் வைக்கும். என் பொறுப்பில் ஐந்து குதிரைகள். சாணி அள்ளி, வைக்கோல் மாற்றி, தேய்த்து, சேணம் போட்டு அனுப்பி, திரும்பி வந்ததும் குளிப்பாட்டிக் காலில் சூடு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது வரை எல்லாம் நீங்கள் கிண்டியில் செய்த அதே வேலைதான். நாம் சைஸ் என்போம், இங்கே ஸ்ட்ராப்பர் என்கிறார்கள். குதிரைகளிடம் நான் தமிழில்தான் பேசுகிறேன். "கண்ணா, காலைக் குடுடா" என்றால் முன்னங்காலைத் தூக்கிக் கையில் வைத்துவிடுகிறது. நாள் முழுக்க நான் தமிழ் பேசுவது அந்த ஐந்திடமும்தான்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரிசி கிடைக்கிறது, பருப்பு கிடைக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் எலுமிச்சை காய்த்துக் கொட்டுகிறது, ஒரு பை நிறையக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போய்விடுவார். அம்மா போடுகிற மாதிரி ஊறுகாய் போட்டேன், வெயில் இல்லாததால் சரியாக ஊறவில்லை, ஆனாலும் சோற்றுக்கு அது இருந்தால் போதும். பெரியவருக்கு எண்பத்தாறு வயது, தனியாக இருக்கிறார். யாரோடும் பேச மாட்டார், எவ்வளவு குளிரானாலும் காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் லாயத்தில் வேலை செய்வது தெரிந்த நாளிலிருந்து என்னோடு மட்டும் பேசுகிறார்.

அந்த ஊரில் எல்லாவற்றிலும் பெரிய குதிரை எது என்று எழுதியிருந்தீர்களே, அவரிடம் கேட்டேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. ஃபார் லாப் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை மெல்போர்ன் மியூசியத்துக்கு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார், டிக்கெட்டும் அவரே எடுத்தார்.

அப்பா, ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. தோல் மட்டும்தான், பதப்படுத்தி உருவம் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அப்படித் தோன்றவில்லை. நல்ல செம்பழுப்பு நிறம், 17 கைக்கு மேல் உயரம் (ஒரு கை நான்கு அங்குலம்), தசை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. நீங்கள் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் முதலில் நெற்றிச் சுழியைத் தேடினேன். அப்புறம் முழங்காலைப் பார்த்தேன். அடுத்த நிமிடம் மூச்சு விட்டுவிடும் போல இருந்தது.

1926-ல் நியூசிலாந்தில் டிமாரு என்ற ஊர்ப்பக்கம் பிறந்தது. ஹாரி டெல்ஃபர்ட் என்ற டிரெய்னர் வம்சாவளியைப் புத்தகத்தில் படித்தே இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார். டேவிஸ் என்பவர் பணம் போட்டு 160 கினிக்கு (அந்தக் காலத்து இங்கிலீஷ் பணம்) வாங்கினார்கள். கப்பலில் சிட்னி வந்து இறங்கியபோது முகமெல்லாம் மரு, நடையே கோணல், டேவிஸ் பார்த்ததும் கோபப்பட்டு இதற்குப் பயிற்சிச் செலவு தர மாட்டேன் என்றுவிட்டார். டெல்ஃபர்ட்டும் கையில் காசில்லாத ஆள்தான். மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்து மணல்மேடுகளில் ஓட்டி ஓட்டிப் பழக்கினார். முதல் ரேஸில் கடைசி. அடுத்த மூன்றிலும் ஒன்றுமில்லை. ஐந்தாவதில்தான், 1929 ஏப்ரலில், ஜெயித்தது. அதற்குப் பிறகு நிறுத்த ஆளில்லை, மொத்தம் ஓடியது 51, ஜெயித்தது 37. ஃபார் லாப் என்றால் தாய்லாந்துப் பக்கத்து மொழியில் மின்னலாம்.

எனக்கு இதையெல்லாம்விட அதைப் பார்த்துக்கொண்ட பையன் கதைதான் பெரிதாகப் பட்டது. டாமி வுட்காக். குதிரையை பாபி என்றுதான் கூப்பிடுவாராம், அவர் கையால் வைத்தால்தான் அது தின்னும். 1930 நவம்பர் 1, சனிக்கிழமை காலை, பயிற்சி முடிந்து தெருவில் கூட்டிவரும்போது யாரோ காரிலிருந்து துப்பாக்கியால் சுட்டார்கள். வுட்காக் தன் மட்டக்குதிரையைக் குறுக்கே நிறுத்தி மறைத்துக்கொண்டார். அன்று மத்தியானமே அது ஓடி ஜெயித்தது. ஒளித்து வைத்திருந்து செவ்வாய்க்கிழமை, இந்த நாட்டின் பெரிய ரேஸான மெல்போர்ன் கப்புக்குக் கொண்டுவந்தார்கள். முதுகில் 62.5 கிலோ சுமை, ஜிம் பைக் ஜாக்கி, சுலபமாக ஜெயித்தது. அந்த ஒரு வாரத்தில் நான்கு ரேஸ், நான்கும் அதற்குத்தான். கப் ஓடிய அன்று பெரியவரின் அப்பா ஃப்ளெமிங்டன் ரேஸ் மைதானத்தில் வேலியோரம் நின்று பார்த்தாராம். அதைச் சொல்லும்போது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அதே கப்பில் 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. நல்ல குதிரை என்பதற்காக இவ்வளவு சுமையா, அதில் என்ன நியாயம் என்று நீங்கள் கிண்டியில் ஹாண்டிகாப் ரேஸ் பார்க்கும்போதெல்லாம் கேட்பீர்களே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், டெல்ஃபர்ட் போகவில்லை, வுட்காக்தான் கூடப் போனார். 1932 மார்ச் 20 அன்று மெக்சிகோவில் அகுவா கலியென்டே ரேஸ், குளம்பு வெடித்திருந்தது, அப்படியும் புது ரெக்கார்டு வைத்து ஜெயித்தது. பதினாறே நாள். ஏப்ரல் 5 காலையில் கலிபோர்னியாவில் லாயத்துக்குள் போனால் வலியில் நிற்கிறது. மத்தியானத்துக்குள் வுட்காக்கின் கண் முன்னாலேயே செத்துப்போனது. அப்போது அவருக்கு 26 வயது. பிற்காலத்தில் அதன் முடியைச் சோதித்துப் பார்த்தபோது, சாவதற்கு ஒன்றரை நாள் முன்னால் ஆர்சனிக் என்ற விஷம் நிறைய உள்ளே போயிருப்பது தெரிந்தது. யாராவது வைத்ததா, மருந்தில் கலந்து போனதா, இன்னும் தீரவில்லை.

தோல் இங்கே மெல்போர்னில். இருதயம் கான்பெராவில், 6 கிலோவுக்கு மேல், சாதாரணக் குதிரைக்கு இருப்பதைவிட ஒன்றரை மடங்கு. எலும்புக்கூடு பிறந்த நாடான நியூசிலாந்தில், வெலிங்டன் மியூசியத்தில். எலும்பாவது ஊர் போய்ச் சேர்ந்ததே என்று பெரியவரிடம் சொல்ல வந்தேன், சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. அவரும் எதுவும் கேட்காமல் பக்கத்திலேயே நின்றார்.

அந்த வெள்ளைக்கால் பெண்குதிரைக்கு வயிற்று வலி வந்து நீங்கள் இரண்டு ராத்திரி வீட்டுக்கு வராமல் இருந்தீர்களே, அம்மா டிபன் கேரியரில் சோறு கட்டி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் வந்து பார்த்தபோது நீங்கள் அதன் கழுத்தில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் எனக்கு அதுதான் தெரிந்தது அப்பா. உங்கள் சட்டையிலிருந்து வருகிற கொள்ளு வாசனைகூட வந்தது. உங்களை உடனே பார்க்க வேண்டும் போல இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

சரி, வீட்டு விஷயம். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், செல்வம் மாமா வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவரோடு போங்கள். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், குளிர்காலத்தில் வேலை நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுவேன், எனக்கு ஒன்றும் சிரமமில்லை. பாப்பாவைப் பார்க்க ஆம்பூரிலிருந்து வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. பையன் நல்ல வேலையில் இருந்தாலும் அவள் படிப்பு முடியும்வரை தேதி குறிக்க வேண்டாம், பெரியப்பா அவசரப்படுத்தினால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். சமையலறைக் கூரை ஓடுகளை ஆடிக் காற்றுக்கு முன்னால் மாற்றியாயிற்றா? இல்லையென்றால் சித்தி வீட்டில் மிச்சம் இருக்கிற ஓடுகளைக் கேட்டு வாங்கி அந்த மூலைக்கு மட்டுமாவது போட்டுவிடுங்கள். அம்மாவிடம் எலுமிச்சை ஊறுகாய்க்கு வெந்தயம் எப்போது போடுவது என்று கேட்டுப் பாப்பாவை எழுதச் சொல்லுங்கள், பெரியவருக்கும் ஒரு பாட்டில் கொடுக்க வேண்டும்.

உங்கள் மகன்