செயலாளர் ஆண்டறிக்கை: சிறிய வண்டிகளோடு இன்னும் ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

200 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களில் பயணம் போகும் நம் சங்கத்தின் செயற்குழு விதிப்படி மாதந்தோறும் கூடியது. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் ஹெல்மெட் விழிப்புணர்வு ஊர்வலம் நடந்தது. அரை நாள் பயணங்கள் வழக்கம்போல் நடந்தன. புதிய உறுப்பினர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் பெண்களும் இருப்பது மகிழ்ச்சி. சங்கப் பெயர்ப் பலகைக்குப் புது வண்ணம் பூசியாயிற்று.

ஞாயிறு பட்டறை

இந்த ஆண்டு சங்கம் செய்ததில் எது உருப்படியான வேலை என்று கேட்டால், மாதத்தின் முதல் ஞாயிறு நடந்த பழுதுபார்ப்புப் பட்டறையைத்தான் சொல்வேன். “மெக்கானிக் இருக்கும்போது நமக்கு எதற்கு இந்தக் கிரீஸ் வேலை?” என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் சிறிய வண்டியை நாம் விரும்புவதற்குப் பெரிய காரணமே, அதை நாமே திறந்து பார்க்க முடியும் என்பதுதானே? ஒரு சிலிண்டர், ஒரு பிளக், காற்றிலேயே குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் இல்லை, அதற்கு ஒரு பம்ப் இல்லை, ஹோஸ் இல்லை. இல்லாத பொருள் நடுவழியில் ஒழுகாது. எஞ்சின் ஆயில்கூட பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்கு ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். இவ்வளவு எளிமையை வைத்துக்கொண்டு ஸ்பேனரைத் தொடாமலே இருந்தால், சிறிய வண்டி தரும் லாபத்தில் பாதியை விட்டுவிடுகிறோம்.

மூத்த உறுப்பினர் ஒருவர் தன் பழைய 100 சிசி எஞ்சினை நன்கொடையாகத் தந்தார். அதை மேசைமேல் வைத்து டேப்பெட் சரிசெய்ய, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரியாக வைக்கக் கற்றுக்கொண்டோம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டோ சக்கரத்தில் உள்ள ‘டி’ குறி, உறையில் உள்ள காடிக்கு நேரே வரும்வரை மெல்லச் சுற்ற வேண்டும். அந்த நிலையில் இரண்டு ராக்கர்களும் லேசாக ஆடினால் சரியான இடத்தில் இருக்கிறோம், ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை ராக்கரின் ஸ்க்ரூவுக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் இடையே விட்டு இழுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அப்புறம் ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும், அதனால் மறுபடி தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். எல்லோரும் அவசரப்பட்டு விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

இதுவரை ஸ்பேனர் பிடித்தே அறியாத ஒரு புதிய உறுப்பினர், தன் கையால் சரிசெய்த பிறகு காதை எஞ்சினருகே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம் சத்தம் வருதே?” என்று கவலைப்பட்டார். வரட்டும் என்றேன். லேசாகச் சத்தம் போடும் டேப்பெட்டால் பெரிய தொல்லை இல்லை. சத்தமே இல்லாமல் இறுகிப்போன டேப்பெட்தான் ஆபத்து. வால்வு முழுதாக உட்காராமல், சூட்டை வெளியே விட வழியின்றிக் கருகிவிடும். இதை ஒருமுறை புரிந்துகொண்டவர் பிறகு தன் வண்டியை வேறு காதால் கேட்பார்.

பஞ்சர் ஒட்டுவது, செயின் தளர்ச்சி பார்ப்பது, கிளட்ச் கேபிள் மாற்றுவது எல்லாம் இதே பட்டறையில் நடந்தன. புது கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்து முன்கூட்டியே கட்டி வைத்துவிடும் யோசனையைத் துணைத் தலைவர் சொன்னார். வழியில் அறுந்தால் இரண்டு முனைகளை மட்டும் மாட்டினால் போதும். நம் உறுப்பினர்களில் பலர் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கருவிப் பெட்டி வாங்கியது பற்றி ஒரு வார்த்தை. செயலாளர் யாரையும் கேட்காமல் சங்கப் பணத்தில் வாங்கிவிட்டார் என்று பேச்சு இருப்பதாக அறிகிறேன். செயற்குழு ஒப்புதல் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டு, கையெழுத்தும் ஆகியிருக்கிறது. புத்தகம் இந்த மேசையிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் பெட்டியிலிருந்து இரவல் போன டயர் லீவர்களும் டார்க் ரெஞ்சும் இன்னும் திரும்பவில்லை. எடுத்துப்போனவர்களின் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது. இங்கே படிக்க விரும்பவில்லை.

மலைப்பாதைப் பயணம்

ஆண்டின் பெரிய பயணம் மலைக்குப் போனது. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூடக் கிளம்பவில்லை. வந்தவர்கள் எல்லோரும் நல்லபடியாகத் திரும்பினோம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் எஞ்சின் தன் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கும். பத்து குதிரைத்திறனுக்குள் இருக்கும் வண்டியில் அது நன்றாகவே தெரியும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை, காற்று மெலிந்துபோக பெட்ரோல் பங்கு கூடி எஞ்சின் திணறும். ஆனாலும் எல்லா வண்டிகளும் ஏறின. முதல் கியரில், இரண்டாம் கியரில், அங்கங்கே நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டு ஏறின. அந்த வேகத்தில்தான் பாதையோரம் என்ன இருக்கிறது என்று பார்க்க முடிந்தது.

ஓர் ஓடையைக் கடக்கும்போது 125 சிசி வண்டி ஒன்று வழுக்கிச் சாய்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. ஓட்டியவர் எழுந்தவுடன் கை ஸ்டார்ட்டர் பட்டனுக்குப் போனது. பட்டறைக்கு வந்திருந்த இருவர் ஒரே குரலில் “தொடாதீங்க!” என்று கத்தினார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சினைச் சுற்றினால், அழுத்த முடியாத தண்ணீரில் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த இருவருமே வண்டியைத் தூக்கிக் கரையேற்றினார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினார்கள், பிளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஏர் ஃபில்டரைப் பிழிந்து காய வைத்து, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தை வடித்து, ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஆயில் நன்றாகத்தான் இருந்தது. சில உதைகளில் வண்டி உயிர் பெற்றது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த இடத்தில் போனுக்கு சிக்னல் இல்லை, மெக்கானிக் இல்லை, இழுத்துப் போக வாகனமும் இல்லை. பட்டறை எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது.

200 சிசி விதி

சங்கப் பயணங்களில் 200 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளும் வரலாம் என்று விதியைத் திருத்தச் சொல்லும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. செயலாளர் நடுநிலையோடு இருக்க வேண்டும் என்று சிலர் அறிவுரை சொன்னார்கள். வாக்கெடுப்பை நடுநிலையோடுதான் நடத்துவேன். என் கருத்தை மறைக்க மாட்டேன். விதி இப்படியே இருக்க வேண்டும்.

பெரிய வண்டிகள்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. கரடுமுரடான பாதையிலும் நெடுந்தூரம் போகும் இன்றைய அட்வென்ச்சர் வண்டிகளுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் 1980-ல் வந்தபோது 50 குதிரைத்திறன்தான். அதே குடும்பத்தில் 2023-ல் வந்த ஆர் 1300 ஜிஎஸ்ஸின் எடை பெட்ரோலோடு 237 கிலோ. ஓடும்போது அந்த எடை தெரியாது, அது உண்மை. நின்றபின் தெரியும். சரிவில் நிறுத்தும்போதும், மணலில் முன்சக்கரம் புதையும்போதும், குறுகிய பாதையில் வண்டியைத் திருப்ப வேண்டி வரும்போதும் தெரியும். கீழே விழுந்தால் ஒரே ஆள் தூக்க முடியுமா என்பதுதான் தனியாகப் போகிறவருக்கு முதல் கேள்வி. ஹோண்டா சிடி125 ஏறக்குறைய 120 கிலோ. அதைப் பெரும்பாலானவர்கள் தாங்களே தூக்கி நிறுத்திவிட்டு மேலே போகலாம்.

எளிய வண்டியால் தூரம் போக முடியாது என்பவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1979-ல் நடந்த, பாலைவனம் கடக்கும் முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் சிரில் நெவு வென்றது யமஹா எக்ஸ்டி500-ல். அடுத்த ஆண்டும் அதே வண்டியில் வென்றார். காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அது நம் வரம்புக்கு மேற்பட்ட வண்டி என்பது எனக்குத் தெரியும். நான் சொல்வது அதன் எளிமையை. இன்னும் கீழே வந்தால் 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப், 49 சிசி, நாலரைக் குதிரைத்திறன். கிளட்ச் பிடிக்கவே வேண்டாம், அது தானாக வேலை செய்யும். 2017-ல் அந்த வரிசையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. ஆஸ்திரேலியாவில் அதன் உறவான சிடி110 தபால்காரர்களோடு வீடு வீடாகப் போனது. நாளெல்லாம் நின்று நின்று கிளம்பும் வேலையைத் தாங்கும் வண்டி மலைப்பாதைக்கும் தாங்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. அதிவேக நெடுஞ்சாலையில் லாரியை முந்த சக்தி போதாது. எதிர்காற்றில் தவிக்கும். பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். டிரம் பிரேக் நனைந்தால் பிடிப்பு குறையும். அதனால்தான் நம் பயணங்கள் பழைய சாலைகளில் போகின்றன, மூட்டை கட்டும்போது கனமானவை சீட்டை ஒட்டி வருகின்றன.

விதியைத் திருத்தக் கூடாது என்பதற்கு என் முக்கியக் காரணம் வேறு. கலந்து போகும் பயணத்தில் வேகத்தை முன்னால் போகிறவர்கள்தான் தீர்மானிப்பார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பெரிய எஞ்சின் எளிதாக 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், சிறிய வண்டிக்காரர் அதை விரட்டுவார். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். வளைவில் கைமீறிப் போவது பின்தங்கியவர்தான். அப்படி நடக்காவிட்டாலும், “என்னால் எல்லோரும் காத்திருக்கிறார்கள்” என்ற கூச்சத்தில் அவர் அடுத்த பயணத்துக்கு வர மாட்டார். நம் சங்கத்தில் சேர்ந்தவர்கள் பலர் வேறு குழுக்களில் அப்படிக் கூசிப்போய் வந்தவர்கள்தான். அவர்களுக்கு இருக்கும் ஒரே இடத்தையும் மாற்றிவிடாதீர்கள்.

தீர்மானத்தை முன்மொழிந்தவர்களில் சிலர் பெரிய வண்டி வாங்கிய பிறகு ஒரு பயணத்துக்கும் வரவில்லை. அவர்களுடைய பழைய 100 சிசி வண்டிகள் வீட்டில் உறை போட்டு நிற்கின்றன. மாதக்கணக்கில் நின்றால் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும், பேட்டரி இறங்கும். தினமும் வேலைக்குப் போகும் வண்டியில் செயின் சத்தம் செவ்வாய்க்கிழமையே காதில் விழுந்துவிடும், ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குள் சரிசெய்துவிடலாம். அந்த வண்டிகளை வெளியே எடுங்கள். உங்களை வரவேற்கத்தான் காத்திருக்கிறோம்.

வருகை, சந்தா, கணக்கு

பொதுக்குழு இரண்டு முறை கோரம் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. இன்றும் காத்திருந்துதான் தொடங்கினோம். வராதவர்களிடம் கேட்டால் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. வந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

சந்தா நிலுவை வருத்தம் தரும் அளவில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகக் கட்டாதவர்களும் உண்டு. நினைவூட்டல் அனுப்பினால் படித்ததற்கான நீலக் குறி வருகிறது, பணம் வருவதில்லை. முதலுதவிப் பெட்டி, பட்டறைக்கான ஆயில், பஞ்சர் ஒட்டும் பொருள் எல்லாம் அந்தச் சந்தாவிலிருந்துதான் வர வேண்டும். இந்த ஆண்டு சிலர் தங்கள் கையிலிருந்து போட்டார்கள். யார் என்று சொல்ல அவர்கள் விரும்பவில்லை.

கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு கட்டுக்குள் இருந்தது, கையிருப்பு சொற்பம். தணிக்கை முடிந்துவிட்டது.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், கணக்கைச் சரிபார்த்துத் தந்த உறுப்பினர், பட்டறைக்கு இடம் தந்தவர், எஞ்சின் தந்தவர், பயணங்களில் கடைசி வண்டியாக வந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டவர்கள் ஆகிய அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டு

பட்டறையில் அடுத்து எரிபொருள் இன்ஜெக்ஷன் வண்டிகளை எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் பலர் அவற்றைத்தான் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று பயப்படுகிறார்கள். பல வண்டிகளில் எஞ்சின் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதை வைத்தே எந்த சென்சாரில் கோளாறு என்று கண்டுபிடிக்கலாம். அதைச் சொல்லித்தர ஆள் தயார். மல்டிமீட்டர் ஒன்று வேண்டும்.

செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பட்டறையை நிறுத்தாமல் நடத்த வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை. யாரும் முன்வராவிட்டால் தொடர்வேன். ஆனால் தனி ஆளாக முடியாது, பட்டறைக்கு இரண்டு பேரும் சந்தா வசூலுக்கு ஒருவரும் இன்றே பெயர் தர வேண்டும். பெயர்ப் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. டயர் லீவர்களையும் டார்க் ரெஞ்சையும் அதே மேசையில் வைத்துவிட்டுப் போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

200 சிசி தீர்மானத்துக்கான வாக்கெடுப்பு இந்த அறிக்கை ஏற்கப்பட்டவுடன் நடைபெறும். நிலுவையைக் கட்டியவர்களுக்கே வாக்குரிமை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்