வளவு வீட்டைப் பார்த்து வயிற்றை அளக்காதீர்கள்

சமூக நலத் துறை உயர் அலுவலர்களுக்கு, வணக்கம்.

முதியவர்கள் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க வழி தரும் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 உங்களுக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு முதியவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: முதல் விசாரணையிலேயே 5(2) பிரிவின்படி இடைக்காலப் பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு கிடைக்க வழி செய்யுங்கள்.

அண்மையில் இந்தச் சட்டப்படி மனுக்களை விசாரிக்கும் ஒரு தீர்ப்பாயத்தில் ஓர் ஆச்சியிடம் கேட்டார்கள்: "இம்புட்டுப் பெரிய வீட்ட வச்சுக்கிட்டு மாசச் செலவுக்கு வழியில்லைங்கிறீங்களே?" அத்தோடு வாய்தா.

கேட்டவர் வெளியூராக இருக்கலாம். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு ஒன்றாக, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றாகப் பிரிந்தவை. மூன்று தலைமுறை போனால் பங்காளிகளை எண்ணி முடியாது. பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் சிங்கப்பூரில், மலேசியாவில். அத்தனை பேரும் ஒத்துவராமல் வீட்டை விற்பதும் நடக்காது, வாடகைக்கு விடுவதும் நடக்காது. ஆச்சிக்கு உள்ளது ஓர் அறை, அடுப்படியில் ஓர் இடம். மழைக்கு முன் ஓடு மாற்றும் செலவில் பங்கு கேட்க மட்டும் ஆள் வந்துவிடும். 4ஆம் பிரிவு பார்க்கச் சொல்வது, சொந்த வருமானத்திலோ சொத்திலோ பிழைக்க முடிகிறதா என்பதைத்தான். நிலைக்கதவின் வேலைப்பாட்டை அல்ல.

அடுத்தது சம்மன். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்; அந்தக் கணக்கு எதிர்மனுதாரரான பிள்ளைக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து. 'டோர் லாக்டு' என்று பேனாவால் கிறுக்கிய உறை திரும்பி வந்தால் முதல் நாளே தொடங்குவதில்லை. மகன் வெளிநாட்டில் என்றால், மத்திய அரசு அறிவித்த அதிகார அமைப்பு வழியாகத்தான் சம்மன் போக வேண்டும். வேண்டுமென்றே தவிர்ப்பவர் மீது ஒருதலைப்பட்சமாக விசாரித்து முடிக்க 6(4) இடம் தருகிறது. தவிர்க்கிறார் என்று கோப்பில் எழுதத்தான் பேனா எழும்புவதில்லை. அதுவரை ஆச்சி எதைச் சாப்பிடுவார்? இடைக்கால உத்தரவு இருப்பதே இதற்காகத்தானே?

தீர்ப்பாயம் கோட்டாட்சியருடையது, எங்கள் கையில் இல்லை என்பீர்கள். பராமரிப்பு அலுவலர் உங்கள் மாவட்டச் சமூக நல அலுவலர்தான். முதியவர் விரும்பினால் அவர் சார்பில் ஆஜராவது 18ஆம் பிரிவு அவருக்குத் தந்த வேலை. ஜூன் 15 வந்தால் முதியோர் கொடுமைக்கு எதிராகக் கை நீட்டி உறுதிமொழி எடுக்க எல்லா அலுவலகத்திலும் ஆள் இருக்கிறது. விசாரணை நாளில் அந்தக் கைகளில் ஒன்றைக்கூடக் காணோம். 2007இல் எழுதிய மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்போ இன்றைய மருந்துக் கடை பில்லுக்கே போதாது. சரி, அதை இங்கே பேசவில்லை.

பணிவாகவே கேட்கிறோம். முதல் விசாரணைக்குப் பராமரிப்பு அலுவலரை அனுப்புங்கள். கூட்டுப் பட்டா நகல், வீட்டில் ஆச்சியின் பங்கு எவ்வளவு, அதிலிருந்து வரும்படி உண்டா என ஒரு பக்கக் குறிப்பு, வங்கிப் புத்தக நகல், மாத மருந்துச் சீட்டு ஆகியவற்றோடு இடைக்கால மனுவையும் அவரே கொடுக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். மாவட்டங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்த மாதமே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செட்டிநாட்டில் முதியோருக்கு மனு எழுதித் தருவோர்