விமானத்தைப் பறக்க வைப்பவர்களையும் நம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், எஸ்.பி.எம். மாணவர்களுக்கு வகுப்பு நடத்தும் இயக்கத்தினருக்கும் வணக்கம்.

பட்டர்வொர்த் விமானத் தளத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிகளில் விமானப்படை என்றதும் பைலட்டின் படத்தைக் காட்டி முடித்துவிடுகிறீர்கள். பொறியியல் அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார், அந்த வழியிலும் ஜெனரல் நிலைப் பதவிகள் வரை உயரலாம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

போன வருடம் ஒரு பள்ளி நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். விமானப்படையில் சேர ஆசை என்று ஒரு பையன் எழுந்து சொன்னான். "கண்ணாடி போட்டிருக்கிறாயே, உன்னை எடுக்க மாட்டார்கள்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. பைலட்டுக்கான பார்வை விதி வேறு, பொறியியல் பிரிவுக்கான விதி வேறு. கண்ணாடி போட்ட எத்தனையோ அதிகாரிகளின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

இந்த வேலை எப்படி வளர்கிறது என்று சொல்கிறேன். பட்டம் முடித்து லெப்டினன்டாக வரும் இளைஞருக்கு முதலில் கிடைப்பது விமானங்கள் நிற்கும் வெட்டவெளி. கிளம்பும் முன் ஒரு சோதனை, இறங்கியதும் ஒரு சோதனை. காலையில் எல்லாரும் வரிசையாகத் தரையைப் பார்த்தபடி நடந்து, கிடக்கும் கல், ஆணி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குவார்கள். அதிகாரியும் கூடவே நடப்பார். ஒரு சின்னக் கல் என்ஜினுக்குள் போனாலே உள்ளே சுழலும் தகடுகள் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவார்கள். ஒரு ஸ்பானர் குறைந்தாலும் சரி, அது எங்கே என்று தெரியும்வரை அந்த விமானம் நகராது. இதையெல்லாம் அந்த இளைஞருக்குக் கற்றுக்கொடுப்பவர் பெரும்பாலும் தலை நரைத்த ஒரு ஃபிளைட் சார்ஜன்ட்தான், அதாவது அதிகாரி அல்லாத மூத்த டெக்னீஷியன். அவரிடம் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களே பின்னாளில் நல்ல அதிகாரிகளாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேப்டன் ஆனதும் ஹேங்கர், அதாவது விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகை, அவர் பொறுப்புக்கு வரும். குறிப்பிட்ட மணி நேரம் பறந்த விமானத்தைப் பிரித்து, விரிசலோ துருவோ இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பூட்டித் தர வேண்டும். மேஜர் நிலையில்தான் பாரம் ஏறுகிறது. நாளைப் பயிற்சிக்கு நான்கு விமானம் வேண்டும் என்று மேலிடம் கேட்கும். மூன்றுதான் தயார் என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் வேண்டும். பராமரிப்புப் பதிவேட்டில் அவர் கையெழுத்தை நம்பித்தானே பைலட் ஏறி உட்காருகிறார்!

அந்தக் கையெழுத்தின் கனத்தைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க ஒரு சம்பவம் போதும். 1990 ஜூனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள், துணை விமானி விமானத்தை இறக்கினார், தலைமை விமானி பிழைத்தார். விசாரணையில் தெரிய வந்தது இதுதான்: சற்று முன்புதான் மாற்றப்பட்ட அந்தக் கண்ணாடியின் 90 போல்டுகளில் 84, தேவையான குறுக்களவைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் சிறியவை.

கர்னலுக்கு மேலே போனால் கையில் ஸ்பானர் இருக்காது. உதிரிபாகம் எங்கிருந்து வரும், தயாரிப்பாளர் உற்பத்தியை நிறுத்திவிட்டால் என்ன செய்வது, எதை உள்நாட்டிலேயே பழுதுபார்க்கலாம் என்பதுதான் நாள் முழுக்க வேலை. இதில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. நம்மிடம் இருந்த 18 சுகோய் போர் விமானங்களில் நான்கு மட்டுமே பறக்கும் நிலையில் இருப்பதாக 2018-இல் அன்றைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் சொன்னார். அன்றைக்குக் குறையாக இருந்தது பைலட் அல்ல, பராமரிப்பு. அடுத்த ஆண்டே, பத்தாண்டுப் பராமரிப்பை உள்நாட்டில் முடித்துக்கொண்டு முதல் சுகோய் படைக்குத் திரும்பியது. அதற்குப் பின்னால் இருந்த பொறியாளர்கள், டெக்னீஷியன்களின் முகம் நம்மில் யாருக்காவது தெரியுமா?

பராமரிப்பு எவ்வளவு பெரிய வேலை என்று பாருங்கள்: இந்திய விமானப்படையில் அதற்கென்றே நாக்பூரில் ஒரு தனித் தலைமையகம் இருக்கிறது. ஏர் மார்ஷல் நிலையில் உள்ளவர் அதற்குத் தலைவர். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூரிலும் அவர்களுடைய பழுதுபார்ப்புத் தளம் உண்டு.

இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2023-இல் நம் நாடு தென்கொரியாவிடம் 18 எஃப்ஏ-50 போர் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. அவற்றின் என்ஜின், பட்டர்வொர்த்தில் நாம் தினமும் சத்தம் கேட்கிற ஹார்னெட் போர் விமானத்தின் அதே எஃப்404 குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு போர் விமானம் முப்பது வருடம்கூட ஓடும். அப்படியென்றால் அவற்றின் நடுவயதில் ஹேங்கரில் நிற்கப் போகிறவர்கள் இன்று உங்கள் ஐந்தாம், ஆறாம் ஆண்டு வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படையில் நம்மவர்கள் குறைவு என்பது உண்மைதான். "போட்டாலும் கிடைக்காது" என்று பெற்றோர் சொல்வதும் என் காதில் விழுகிறது. அந்த வருத்தத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் பிள்ளை விண்ணப்பமே போடாமல் இருக்க அது காரணம் ஆகக்கூடாது. கோலாலம்பூர் சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி பெறலாம் என்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விட்டுவிட்டால் இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். ஆகவே இயக்கத்தினரே, மூன்றாம் படிவ மாணவர்களையும் பெற்றோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். மலாய்மொழி வகுப்பையும் விடாதீர்கள். நேர்காணலுக்கு அது வேண்டும். ஏற்கெனவே சேவையில் இருக்கும் தம்பிகளிடம் அப்புறம் ஒன்று சொல்லுங்கள்: சுபாங் விமான நிலைய ஹேங்கர்களில் விமானத்துக்குக் கையெழுத்திடும் வேலைக்கு சிவில் உரிமம் வேண்டும், படையில் இருந்த அனுபவம் மட்டும் போதாது. அந்த உரிமத்துக்கான பி1 (என்ஜின், இயந்திரப் பகுதி) அல்லது பி2 (மின்னணுப் பகுதி) தேர்வுகளைச் சேவையில் இருக்கும்போதே எழுதத் தொடங்கட்டும்.

தலைமையாசிரியர்களே, கூப்பிடுங்கள், வருகிறேன். செலவு எதுவும் வேண்டாம். என்ஜின், ரேடார், ஆபத்தில் விமானியை வெளியே தள்ளும் இருக்கை என்று ஒவ்வொரு பிரிவிலும் வேலை பார்த்த நண்பர்கள் இங்கே பட்டர்வொர்த்திலும் பிறையிலும் இருக்கிறார்கள். அவர்களையும் அழைத்து வருகிறேன். சனிக்கிழமை காலை என்றால் எல்லாருக்கும் வசதி.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பாளர்,
பட்டர்வொர்த்