செயலாளர் அறிக்கை 2025–26: ‘நானே மருத்துவம்’ படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வழக்கம்போலக் கடைசி வரிசையைப் பிடித்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் அறிவியல் வாசகர் வட்டத்தின் ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரையிலான ஆண்டறிக்கையை வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். அவர் படிக்கும்போது யாரும் டீ குடிக்க எழுந்து போக வேண்டாம் என்று என்னிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், சொல்லிவிட்டேன்.

ஆண்டுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு படிப்பது நம் வழக்கம். இந்த ஆண்டு நானோ மருத்துவம். முதலில் ஒரு மன்னிப்பு. தொடக்கக் கூட்டத்துக்கு நூலக வாசலில் கட்டிய பிளக்ஸில் ‘நானோ மருத்துவம்’ என்பது ‘நானே மருத்துவம்’ என்று அச்சாகிவிட்டது. புரூஃப் பார்த்தவன் நான்தான். அன்று வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். மூட்டுவலிக்குத் தானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர், ‘இதற்கென்றே ஒரு கூட்டம் போட்டிருக்கிறீர்களே’ என்று கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து, ‘நீங்களே மருந்து வாங்கிப் போடாதீர்கள்’ என்று தினமும் சொன்னவனுக்கு இப்படி ஒரு போர்டு. பெரியவர் அதற்குப் பிறகு ஒரு கூட்டமும் தவறவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நானோ என்றால் என்ன என்பதை நம் வேதியியல் பேராசிரியர் சுருக்கமாக முடித்தார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் குறுக்களவு ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். நாம் பேசப்போகும் மருந்துத் துகள்கள் பெரும்பாலும் 100 நானோமீட்டரை ஒட்டியவை. இதைவிட அன்று சபையைத் தொட்டது நம் செவிலியர் தங்கை சொன்னதுதான். ‘நானோ மருந்தெல்லாம் வெளிநாட்டில் என்று நினைக்காதீர்கள், ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு நாங்கள் டிரிப்ஸில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் அதுதான்’ என்றார். இரும்பின் நுண்துகளைச் சர்க்கரை மூடியிருக்கும். இரும்பு அப்படியே ரத்தத்தில் கலந்தால் நஞ்சு. மூடியிருப்பதால் மெல்ல மெல்ல அவிழ்கிறது. கருப்புக் காபி மாதிரி இருக்கும் அந்த ஆம்பூலைப் பல வருஷம் கையில் வைத்திருந்தும் எனக்கே இது தோன்றவில்லை.

இரண்டாவது கூட்டம் என்னுடையது, ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து பற்றி. கொஞ்சம் நீளமாகப் பேசினேன் என்ற குறை உண்டு. நியாயமான குறைதான். 2021 மே, ஜூனில் கருப்புப் பூஞ்சை பரவியபோது நான் மருந்துக் கிடங்கில் இருந்தேன். ‘லைபோசோமல் இருக்கா?’ என்ற அந்த ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொன்ன காலம். சாதாரண ஆம்போடெரிசின் இருந்தது, லைபோசோமல் கிடைக்கவில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து. சாதாரணமானதை ஏற்றினால் நோயாளிக்குக் குளிர் நடுங்கும், கட்டில் ஆடும், சில நாளில் சிறுநீரகம் அடிவாங்கும். அதே மருந்தை லைபோசோம் என்ற கொழுப்புக் குமிழியில் பொதிந்து கொடுத்தால் சிறுநீரகத்துக்கு அந்த அளவு சேதம் இல்லை. அதனால்தான் அந்தக் குமிழிக்காக நாடே அலைந்தது.

அதைக் கலக்குவதும் ஒரு வேலை. 50 மில்லிகிராம் மருந்துக் குப்பியில் 12 மில்லி ஊசித் தண்ணீர் விட்டு, முப்பது வினாடி பலமாகக் குலுக்க வேண்டும். தெளிந்த மஞ்சளாக வரும். வடிகட்டி பொருத்திய ஊசி வழியாக அதை எடுத்து, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். சலைனில் சேர்த்தால் திரிந்துவிடும். ஒரு ராத்திரி வேலைக்குப் புதிதாக வந்த பெண், மூன்று ஷிப்ட் தூக்கமில்லாமல், கையில் சலைன் பாட்டிலோடு நின்றார். நான் ஓடிப்போய்ப் பாட்டிலை வாங்கினேன். அந்தக் குப்பிக்காக நோயாளியின் மகன் இரண்டு மாவட்டம் சுற்றி வந்திருந்தார். இதைக் கூட்டத்தில் சொன்னபோது தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

இந்தக் குமிழியின் அருமை தெரிய பீகார் வரை போக வேண்டும். மணல் ஈ கடித்து வரும் காலா அசார் காய்ச்சலுக்கு முன்பெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 29 நாளில் 15 முறை சாதாரண ஆம்போடெரிசின் ஏற்றுவார்கள். கூலி வேலை செய்பவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்த வீட்டில் அடுப்பெரியாது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஷியாம் சுந்தர் குழு முசாபர்பூரில் லைபோசோமல் மருந்தை, கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் வீதம், ஒரே ஒரு முறை ஏற்றி மறுநாளே வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தது. முடிவு 2010-ல் வெளியானது. ஆறு மாதம் கழித்துக் குணமாகியிருந்தவர்கள் 95.7 சதவீதம். ஒரு மாதம் படுத்திருந்தவர்களில் 96.3 சதவீதம். வித்தியாசமே இல்லை எனலாம்.

இது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்ற கேள்விதான் ஆண்டு முழுக்க எங்களை இழுத்துக்கொண்டு போனது. ரத்தத்தில் போகும் அந்நியத் துகள் எதுவானாலும் கல்லீரலும் மண்ணீரலும் செக்போஸ்ட் போட்டு நிறுத்தும். அங்குள்ள விழுங்கு செல்கள் அதை முழுங்கிவிடும். காலா அசார் கிருமி குடியிருப்பதே அந்த விழுங்கு செல்களுக்குள். திருடன் போலீஸ் ஸ்டேஷனிலேயே ஒளிந்திருக்கிறான், அங்கே போகும் பார்சலில் அவனுக்கான மருந்து.

புற்றுநோய்க்கு வந்தால் இதே செக்போஸ்ட் தலைவலி. மூன்றாவது கூட்டத்தில் பேராசிரியர் டாக்சில் என்ற புற்றுநோய் மருந்திலிருந்து தொடங்கினார். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் நானோ மருந்து. ஜெருசலேமில் பேரன்ஹோல்ஸ், கபிசோன் இருவரும் உழைத்து உருவாக்கியது. உள்ளே இருப்பது டாக்சோரூபிசின் என்ற பழைய சிவப்பு மருந்து. இதயத்தைக் கெடுக்கும் அதன் குணத்தை லைபோசோம் உறை வெகுவாகக் குறைத்தது. 2011-ல் அங்கே டாக்சில் தட்டுப்பாடு வந்தபோது, 2012 பிப்ரவரியில் நம் நாட்டு சன் பார்மா செய்யும் அதே வகை மருந்தான லிபோடாக்ஸைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அமெரிக்க மருந்து நிர்வாகமே அனுமதித்தது. இதைச் சொன்னதும் கைதட்டல்.

பாக்லிடாக்செல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தின் கதை எனக்குப் பிடித்தது. அது தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கரைத்துத்தான் ஏற்றினார்கள். பலருக்கு அந்தக் கரைப்பானே ஒவ்வாமையைக் கிளப்பியது. 2005-ல் வந்த அப்ராக்ஸேன், கரைப்பானை விட்டுவிட்டு, ரத்தத்தில் இயல்பாக உள்ள அல்புமின் புரதத்தோடு மருந்தைச் சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கியது.

பிறகுதான் கைதட்டல் அடங்கியது. புற்றுக்கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையும் ஒழுகலுமாக இருக்கும், நானோ துகள் அந்த ஓட்டை வழியே கட்டிக்குள் தானாகச் சேர்ந்துவிடும் என்று 1986-ல் ஜப்பானின் மட்சுமுராவும் மாயேதாவும் எழுதியதை நம்பித்தான் இந்தத் துறையே நடந்தது. 2016-ல் டொரன்டோவின் வாரன் சான் குழு, அதற்கு முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தது. ஆய்வக விலங்குகளுக்கு ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குள் சேர்ந்தது, இடைநிலை மதிப்பில், 0.7 சதவீதம். நூறு பார்சல் அனுப்பினால் ஒன்றுகூட முழுசாகப் போய்ச் சேரவில்லை. மீதியில் பெரும்பங்கு அதே கல்லீரல், மண்ணீரல்.

சிகிச்சை முடித்து வந்திருக்கும் நம் ஆசிரியை அக்கா எழுந்து, ‘அப்போ எனக்கு ஏத்தின சிவப்பு மருந்து?’ என்று கேட்டார். உங்களுக்கு ஏற்றியது உறை இல்லாத சாதாரண மருந்து அக்கா, அந்தக் கணக்கு நானோ துகளுக்கு, அதுவும் விலங்குகளில் பார்த்தது, மருந்து வேலை செய்ததற்கு நீங்களே சாட்சி என்று பேராசிரியர் பதில் சொன்னார். சபை சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் நோட்டில் 0.7 என்று எழுதி வட்டம் போட்டு வைத்ததைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

செப்டம்பர் கூட்டம் மைக் கெட்டுப்போன கூட்டம். சொற்பொழிவு நடந்தது, கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. மழையால் நவம்பர் கூட்டம் நடக்கவில்லை. அதற்காக நறுக்கிய வெங்காயம் என்ன ஆனது என்று பொருளாளர் கேட்டிருக்கிறார். அதற்குத் தனியே பதில் தருகிறேன்.

டிசம்பர் கூட்டம்தான் என் கணக்கில் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள் இருவர் பேசினார்கள். தலைப்பு: ‘கல்லீரலுக்கே போனால் என்ன?’ அதாவது, எங்கு அனுப்பினாலும் கல்லீரலுக்குத்தான் போகும் என்றால், கல்லீரல் நோய்க்கே அதைப் பயன்படுத்தலாமே. கொழுப்பு நானோ துகள் ரத்தத்தில் இறங்கியதும் அபோ-ஈ என்ற புரதம் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. கல்லீரல் செல் அதை நம் வீட்டுக் கொழுப்புதான் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடுகிறது. இந்த வழியில் 2018-ல் வந்தது பாடிசிரான். கல்லீரல் தவறாகச் செய்யும் ஒரு புரதம் நரம்பில் படியும் பரம்பரை நோய்க்கு, அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்என்ஏ செய்தியைத் தடுக்கும் மருந்து. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். வரும்போது ஓராண்டுக்கு அறிவித்த விலை 4,50,000 டாலர். பெரியவர் இதை ரூபாயில் கேட்டுவிட்டு ‘நானே மருத்துவமே பரவாயில்லை’ என்றார்.

அதே வகைக் கொழுப்புத் துகள்தான் 2020-ல் கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசியைச் சுமந்தது. அந்த ஆர்என்ஏவை உடல் எதிர்க்காமல் இருக்கச் செய்த கரிகோ, வைஸ்மன் இருவருக்கும் 2023-ல் நோபல். ஃபைசர் ஊசி தொடக்கத்தில் மைனஸ் 70 டிகிரி கேட்டது. புனேயின் ஜென்னோவா 2022-ல் அனுமதி வாங்கிய ஜெம்கோவாக் நம் சாதாரண மருந்து ஃபிரிட்ஜின் 2 முதல் 8 டிகிரியில் இருக்கும். மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டு சேர்க்கும் கோல்ட் செயினோடு வாழ்க்கை நடத்தியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிலடெல்பியாவில் 2024 ஆகஸ்டில் பிறந்த ஒரு குழந்தையைப் பற்றிப் பிள்ளைகள் சொன்னபோது சபையில் சத்தமே இல்லை. அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் கல்லீரல் நொதி ஒன்று அதற்கு வேலை செய்யவில்லை. பதிமூன்று லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய். தாய்ப்பாலின் புரதம்கூட மூளைக்கு நஞ்சாகும். டாக்டர் கிரண் முசுனூரு, டாக்டர் ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லாஸ் தலைமையிலான குழு, அந்த ஒரு குழந்தையின் ஒரு மரபணு எழுத்துப் பிழையைத் திருத்தவென்றே கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் முறையில் ஒரு மருந்தை ஆறே மாதத்தில் செய்து, கொழுப்புத் துகளில் ஏற்றி, 2025 பிப்ரவரியில் முதல் தவணை கொடுத்தது. மூன்று தவணைக்குப் பிறகு குழந்தையால் முன்பைவிட அதிகப் புரதம் சாப்பிட முடிந்தது, அம்மோனியா மருந்தைப் பாதியாகக் குறைக்கவும் முடிந்தது. குணமாகிவிட்டது என்று மருத்துவர்களே சொல்லவில்லை, பிள்ளைகளும் சொல்லவில்லை. அந்த நிதானத்துக்காக அவர்களுக்குப் பாராட்டு.

பிப்ரவரியில் சித்த மருத்துவர் பேசினார். சங்கு பற்பம் என்ற பொடியைக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகையை டம்ளர் தண்ணீரில் தூவினார், மிதந்தது. விரலில் தேய்த்துக் காட்டினார், ரேகைக்குள் புகுந்தது. ‘இதைத்தான் இப்போது நானோ என்கிறீர்கள்’ என்றார். தங்க பற்பத்தில் நானோ அளவுத் துகள் இருப்பதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள் என்று பேராசிரியர் ஒப்புக்கொண்டார். சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, எவ்வளவு உள்ளே போகிறது, எங்கே தங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்று அளந்து காட்ட வேண்டும் என்றார். ‘அளக்க யார் காசு கொடுக்கிறார்கள் ஐயா?’ என்று வைத்தியர் திருப்பிக் கேட்டார். இதற்குப் பதில் யாரிடமும் இல்லை, நேரமும் முடிந்துவிட்டது. அன்று வாசலில் ‘நானோ சக்தி’ என்று கழுத்தில் போடும் டாலர் விற்க வந்தவரை நான் அனுப்பிவிட்டேன். அப்படிப்பட்ட டாலர்கள் சிலவற்றில் கதிரியக்கம் இருப்பதாக 2021-ல் நெதர்லாந்து அரசு எச்சரித்ததையும் அவரிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

மார்ச்சில் நடக்க வேண்டிய, நோய் எதிர்ப்பு டி செல்லை மாற்றிப் புற்றைத் தாக்க வைக்கும் கார்-டி சிகிச்சை பற்றிய கூட்டம் தேர்வு காரணமாகத் தள்ளிப்போய்விட்டது. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து கொண்டுவந்த நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. அதில் நோயாளியின் செல்லை வெளியே எடுத்து மாற்றித் திருப்பி ஏற்றுகிறார்கள். அந்த வேலையை உடலுக்குள்ளேயே செய்ய, கல்லீரலைத் தாண்டி டி செல்லைத் தேடிப்போகும் துகள்களை எலி, குரங்குகளில் சோதித்த ஆய்வு 2025 ஜூனில் வந்திருக்கிறது. செக்போஸ்ட்டைத் தாண்டும் வித்தை அது என்பதால், வரும் ஆண்டின் முதல் கூட்டமாக வைக்கக் கோருகிறேன்.

அடுத்த ஆண்டுப் பொருளாக மண், கடல், பழைய நாணயங்கள் என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. டீ இடைவேளைக்குப் பிறகு வாக்கெடுப்பு. சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயரை இம்முறை வாசிக்கப்போவதில்லை, வாசலில் ஒட்டியிருக்கிறது. பிளக்ஸ் எழுத்தைச் சரிபார்க்கும் பொறுப்பை ஆசிரியை அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார். மாடிச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் தயவுசெய்து இன்றே என்னிடம் தந்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்