பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகலை ஆசிரியர் தேர்வுக்காக உங்கள் கல்விப் பக்கத்தில் வரும் வேதியியல் குறிப்புகளை விடாமல் வாசிக்கிறேன். அணைவுச் சேர்மங்கள் (நடுவில் உலோகம், அதைச் சுற்றி ஈனிகள் எனப்படும் அயனிகளோ மூலக்கூறுகளோ ஒட்டியிருப்பவை) பற்றி வந்த பகுதியைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. வலிமையான ஈனிகள் இவை, வலிமை குறைந்தவை இவை, இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டால் காந்தத்தன்மைக் கேள்விகள் அத்தனைக்கும் விடை சொல்லிவிடலாம் என்று போட்டிருந்தீர்கள். பட்டியல் சரிதான். ஆனால் கேள்வி எடுப்பவர்களுக்கும் அந்தப் பட்டியல் தெரியும், அது எங்கே காலை வாரும் என்பதும் தெரியும், அங்கே பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

கோபால்ட்டையே எடுத்துக்கொள்வோம். கோபால்ட் +2 அயனியைச் சுற்றி ஆறு அம்மோனியா, காந்தத் திருப்புத்திறன் (இணையாகாத எலக்ட்ரான்கள் எத்தனை என்பதைக் காட்டும் அளவு) எவ்வளவு? அம்மோனியா வலிமையான ஈனி, எலக்ட்ரான்களை இணையாக்கிவிடும் என்று படித்தவர் ஏழு டி எலக்ட்ரான்களில் ஆறை இணையாக்கிவிட்டு, மிச்சம் ஒன்று என்று 1.73 போர் மேக்னட்டானைக் குறித்துவிட்டு வருவார். விடை 3.87. அங்கே இணையாகாத எலக்ட்ரான்கள் மூன்று. அப்புறம் கோபால்ட் +3 அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் என்று கேட்பார்கள். நீர் வலிமை குறைந்தது, ஆகவே நான்கு எலக்ட்ரான்கள் தனித்து நிற்கும் என்று 4.90-ஐ எழுதினால் அதுவும் போச்சு, ஏனென்றால் அது டயாகாந்தத்தன்மை உடையது (இணையாகாத எலக்ட்ரானே இல்லை), விடை பூஜ்யம்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. எண்முகி அமைப்பில் (ஆறு ஈனிகள் சூழ்ந்தது) ஐந்து டி ஆர்பிட்டால்களும் ஆற்றலில் கீழே மூன்று, மேலே இரண்டு என்று பிரிகின்றன. அந்த இடைவெளி எலக்ட்ரானை இணையாக்கத் தேவைப்படும் ஆற்றலைவிடப் பெரிதா சிறிதா என்பதுதான் கேள்வியே. இடைவெளியை ஈனி மட்டும் தீர்மானிப்பதில்லை, உலோகத்தின் மின்சுமைக்கும் அது தனிம அட்டவணையில் எந்த வரிசையில் இருக்கிறது என்பதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதே ஆறு அம்மோனியாதான், கோபால்ட் +2 ஆக இருக்கும்போது இடைவெளி சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 அலைகள், +3 ஆனதும் ஏறத்தாழ 23,000. இதைப் பட்டியல் எங்கே சொல்கிறது?

பிளாட்டினத்துக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. நிக்கல் +2 உடன் நான்கு குளோரைடு சேர்ந்தால் நான்முகி, இணையாகாத எலக்ட்ரான்கள் இரண்டு. பிளாட்டினம் +2 உடன் அதே நான்கு குளோரைடு சேர்ந்தால் தள சதுரம், ஒன்றுகூடத் தனித்து இருக்காது. கீழ் வரிசைகளில் இருக்கும் உலோகங்களுக்கு இடைவெளி இயல்பாகவே பெரியது, குளோரைடு போன்ற ஈனியே போதும். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை (அமெரிக்காவில் 1978-இல் அனுமதி பெற்றது) எல்லா வழிகாட்டி நூல்களும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. அது தள சதுரமாக இல்லாமல் நான்முகியாக இருந்திருந்தால் சிஸ் (ஒரே வகை ஈனிகள் பக்கத்தில் பக்கத்தில்), டிரான்ஸ் (எதிரெதிரே) என்ற பேச்சே கிடையாது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் என்ன? கூடவே, நான்கு குளோரைடு உள்ள பிளாட்டினத்தில் இரண்டு அம்மோனியாவைப் புகுத்தினால் சிஸ் கிடைக்கும், நான்கு அம்மோனியா உள்ளதில் இரண்டு குளோரைடைப் புகுத்தினால் டிரான்ஸ் கிடைக்கும், அம்மோனியாவைவிடக் குளோரைடுக்கு டிரான்ஸ் விளைவு (தனக்கு எதிரே இருக்கும் ஈனியை எளிதில் வெளியேறச் செய்யும் தன்மை) அதிகம் என்பதே காரணம். முதுகலை நிலையில் இது கேட்கப்படக்கூடிய கேள்வி, உங்கள் குறிப்பில் இது இல்லை.

மாற்றியங்கள் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) பகுதியிலும் எண்ணிக்கையை மட்டும் அட்டவணையாகத் தந்திருக்கிறீர்கள். எண்ணிக்கையை யாரும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை, வரையத் தெரிந்தால் போதும். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்குக் கோதுமை மாவு உருண்டையில் ஆறு பல்குத்தும் குச்சிகளைச் செருகிக் கொடுத்துவிடுவேன். கோபால்ட்டுடன் இரண்டு எத்திலீன்டைஅமீன் (ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் உலோகத்தைப் பிடிக்கும் ஈனி), இரண்டு குளோரைடு உள்ள அயனியை அதில் செய்து, பக்கத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொன்னால், டிரான்ஸ் தன் பிம்பத்தோடு அப்படியே பொருந்திவிடுகிறது, சிஸ் எப்படித் திருப்பினாலும் பொருந்த மறுக்கிறது. டிரான்ஸ் ஒன்று, சிஸ்ஸும் அதன் பிம்பமும் இரண்டு, ஆக மொத்தம் மூன்று மாற்றியங்கள். ஒருமுறை கையால் திருப்பிப் பார்த்தவர்கள் அட்டவணையைத் தேடுவதில்லை. அணைவுச் சேர்மங்களின் அமைப்பை விளக்கிய வேதியியலாளர் வெர்னர் 1893-இல் எண்முகியை முன்வைத்ததும் இப்படி மாற்றியங்களை எண்ணிப் பார்த்துத்தான், எக்ஸ்ரே படிகவியல் வருவதற்கு முன்பே.

நிறத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதா நிறத்துக்கு டி-டி இடப்பெயர்ச்சியை (எலக்ட்ரான் ஒரு டி ஆர்பிட்டாலிலிருந்து இன்னொரு டி ஆர்பிட்டாலுக்குத் தாவுவது) காரணமாகச் சொல்லும் வழிகாட்டிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. அதில் மாங்கனீசு +7, அதனிடம் டி எலக்ட்ரானே இல்லை. ஆக்சிஜனிலிருந்து உலோகத்துக்கு மின்சுமை தாவுவதுதான் அந்த நிறம்.

தேர்வில் 150 கேள்விகளில் 110 கேள்விகள் முதன்மைப் பாடத்திலிருந்து வருகின்றன. பெரிய ஊர்களில் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது (அங்கேயும் பல இடங்களில் இதே பட்டியல்தான் ஜெராக்ஸ் ஆகிறது, அது வேறு கதை). தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு, இரவு உங்கள் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிப் படிப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்காகக் கேட்கிறேன்: வாரத்துக்கு ஐம்பது ஒரு வரி விடைகளுக்குப் பதில் மூன்று கேள்விகள் போடுங்கள், சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் எழுதுங்கள். அடிப்படை மறந்துபோனவர்களுக்கு, பிளஸ் டூ வேதியியல் முதல் தொகுதியில் ஐந்தாவது அலகை முதலில் முடித்துவிட்டு வரச் சொல்லி ஒரு குறிப்பும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
தென்காசி.