பச்சரிசி தின்ற குருவி வெடிக்காது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கோடைச் சிறப்பிதழில் மாடிக்கு வரும் பறவைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பறவைக்குப் பச்சரிசி வைக்கவே கூடாது, அது வயிற்றுக்குள் போய் ஊதி, குருவி வெடித்துச் செத்துவிடும் என்று அதில் ஒரு வரி. அதற்குப் பதிலாக ரொட்டித் துண்டு, பிஸ்கட், மீந்துபோன மிக்சர் வைக்கலாமாம். விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகள் இதழும் கையுமாக முற்றத்துக்கு வந்து, நான் வைத்திருந்த குருணைத் தட்டை எடுத்துக் குப்பையில் கொட்டிவிட்டாள். “பாவம் மாமா, தெரியாமலே இத்தனை வருஷமா கொன்னுட்டு இருந்திருக்கீங்க” என்றாள். மருமகளிடம் வழக்காட முடியுமா? ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக நெல் அரவை மில் இருந்தது. களத்தில் நெல் காய்கிற நாளில் சிட்டுக்குருவி, சில்லை, மைனா, மணிப்புறா என்று எல்லாம் வந்து இறங்கும். விரட்ட ஓர் ஆள், அவன் கண்ணயர்ந்தால் அவனை எழுப்ப இன்னோர் ஆள். நெல்லையும் பச்சரிசிக் குருணையையும் வயிறு முட்டத் தின்றுவிட்டு அவை கூரையில் ஏறிக் கச்சேரி நடத்தும். ஒன்றாவது வெடித்ததாக எங்கள் கணக்குப்பிள்ளை எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்கவில்லை. புறா தானியத்தை முழுசாக விழுங்கும், கூடவே பொடிக்கல்லையும் பொறுக்கிக்கொள்ளும். அதன் இரைப்பைச் சதை இரண்டையும் போட்டு நெரித்து மாவாக்கிவிடும். எங்கள் மில் செய்த வேலைதான், கரண்ட் பில் கிடையாது. வாசலில் போடுகிற கோலமாவு எந்த அரிசி என்பதும், அறுவடையானதும் கோயில் மண்டபத்தில் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவது யாருக்காக என்பதும் தாங்கள் அறியாததல்ல. இத்தனை காலமும் எங்கள் பெரியவர்கள் குருவிகளுக்கு வெடி வைத்தார்கள் போலிருக்கிறது.

கெடுதல் உண்மையில் எதில் இருக்கிறதோ அதைத்தான் கட்டுரையாளர் விருந்தாகப் பரிந்துரைத்திருக்கிறார். மிக்சரில் இருக்கிற உப்பை அந்தச் சின்ன உடம்பு தாங்காது. ரொட்டி வயிற்றை அடைக்குமே தவிர அதில் சத்தில்லை. குஞ்சு பொரித்த குருவி ரொட்டியைத் தேடுவதில்லை, புழுவைத் தேடுகிறது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடப் பிறந்த குஞ்சுக்கு முதலில் ஊட்டுவது புழுபூச்சிதான். முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் உடனே மருந்தடியுங்கள் என்று தங்கள் தோட்டப் பகுதியில் போன மாதம் படித்தேன். ஒரு பக்கத்தில் குருவியைக் கூப்பிடுகிறீர்கள், இன்னொரு பக்கத்தில் அதன் குஞ்சுக்கான சோற்றில் விஷம் தெளிக்கச் சொல்கிறீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரே வரி, ஒரே படம். அக்னி நட்சத்திர வெயிலில், மொட்டைமாடியில், ஆழமான எவர்சில்வர் பாத்திரம்! அதில் குருவி குளிக்காது, முட்டை வேண்டுமானால் அவிக்கலாம். மண்சட்டி வேண்டும். இரண்டு விரற்கடை ஆழம் போதும், நடுவில் நிற்க ஒரு கல், நிழலான இடம். இதைவிட முக்கியம், தினமும் தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வேறு தண்ணீர் ஊற்றுவது. ஒரு வாரம் அப்படியே விட்டால் அது பறவைக்கு வைத்த தண்ணீர் அல்ல, டெங்கு கொசுவுக்குக் கட்டிய பிரசவ ஆஸ்பத்திரி. தீனித் தட்டுக்கும் இதே கதைதான். பிரிட்டன்காரர்கள் வீட்டுக்கு வீடு பறவைத் தீனி தொங்கவிடுகிறவர்கள். அங்கே 2005 வாக்கில் கிரீன்பிஞ்ச் என்ற சிறு குருவிக்குத் தொண்டையை அடைக்கும் ஒட்டுண்ணி நோய் தொற்றியது. ஒன்றின் எச்சில் பட்ட தீனியையும் தண்ணீரையும் இன்னொன்று தொட, அப்படியே பரவியது. 2021-இல் அந்தக் குருவி, மிகவும் கவலைக்குரிய பறவைகளுக்கான அவர்களுடைய சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து எடுத்துப் போடுவதென்றால் இதையல்லவா எடுத்துப் போட்டிருக்க வேண்டும்?

காலத்துக்குத் தக்கபடி வைக்க வேண்டும் என்பதும் கட்டுரையில் இல்லை. சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் எங்கள் பக்கத்தில் வயலெல்லாம் சிந்திய நெல், அப்போது தட்டே தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த தானியம் ஒரே நாளில் பூசணம் பிடிக்கும். தாழ்வாரத்துக்குள் ஒரு பிடி வைத்து, மிச்சத்தைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். பூசணம் பிடித்த வேர்க்கடலை விஷம். விதைப்பதற்காக மருந்து கலந்து விதைநேர்த்தி செய்த நெல் அதைவிட மோசம், மீந்துபோனது என்று அதைப் பறவைக்குக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கனுப்பிடிக்கு மஞ்சளும் குங்குமமும் கலந்த சோறு காக்கைக்கு வைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் இப்போது கடையில் விற்கும் குங்குமத்தில் என்ன சாயம் என்று யார் கேட்கிறார்கள்?

பழைய கணக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள் வந்தால் ‘செல்போன் கோபுரம் தின்ற சிட்டுக்குருவி’ என்று ஒரு பக்கம் போடுகிறீர்கள். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-இல் வந்த அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது, கோபுரத்தைக் குற்றம் சொல்ல வலுவான சான்று இல்லை என்றது. அதற்குத் தங்களிடம் இடமில்லை. மும்பை தாதரில் புறாவுக்குத் தீனி போடும் இடத்தை 2025-இல் மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியது, எச்சத்தால் நுரையீரல் கெடுகிறது என்று. தங்கள் அட்டையிலோ இன்னமும் புறாக் கூட்டத்துக்கு நடுவே தானியம் இறைக்கும் பெண். தீபாவளிக்குத் தீபாவளி, வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களின் பெருமை. எதிர்ப்பக்கம் முழுக்கப் பட்டாசு விளம்பரம். அந்த ஊர்க்காரர்கள் இதழைத் திறந்தால் எந்தப் பக்கத்தைப் பார்ப்பார்களோ?

இதையெல்லாம் முன்பே ஒரு முறை எழுதினேன். நான்கு வரியாக வெட்டி, மன்னார்குடியை ‘மன்னார்’ என்று அச்சிட்டு, பாஸ்போர்ட் இல்லாமலே என்னைக் கடல் கடத்தினீர்கள். போகட்டும், இடப் பற்றாக்குறை.

இப்போது நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கத்திரி முடிவதற்குள் வரும் ஏதாவது ஓர் இதழில், பச்சரிசிக் குருணை வைக்கலாம், மிக்சர் வைக்கக் கூடாது, சட்டியைத் தினமும் கழுவ வேண்டும் என்று மூன்று வரி போடுங்கள். வெடிக்கும் வரியை எந்த எழுத்தளவில் போட்டீர்களோ அதே அளவில். மருமகள் சென்னைக்குத் திரும்பிவிட்டாள், அங்கேயும் தங்கள் இதழைத்தான் வாங்குகிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
மன்னார்குடி (திருவாரூர் மாவட்டம்)